பாதிக்கதை டீச்சர்

மாடிப்படியின் அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் சாய்வான அறைதான் அத்தொடக்கப்பள்ளியின் நூலகம். அதை நடத்துபவளுக்குப் பிள்ளைகள் இட்ட பெயர் பாதிக்கதை டீச்சர். இன்ன வகுப்புக்கு இன்ன நூல் என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டையை அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பிள்ளைகளைப் பாயில் அமர்த்தி ஒரு கதையை உரக்கப் படிப்பாள்; கேட்போர் மூச்சடக்கும் இடம் வந்ததும் பட்டென்று மூடிவிடுவாள்.

"ஐயோ டீச்சர், அப்புறம்?"

"அப்புறமெல்லாம் புத்தகத்துக்குள்ள இருக்கு. என் வாய்க்குப் பூட்டு போட்டாச்சு!"

அந்நூலுக்கு அன்றே அடிதடி நடக்கும்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் அவ்வலையில் விழவில்லை. எடுத்துச் செல்லும் நூலை மறுவாரம் மடிப்புக் கலையாமல் கொணர்ந்து வைப்பாள். எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கும் போல, டீச்சர்" என்பாள். அவள் தந்தை சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வந்து பல திங்கள் ஆயின. ஆகவே, புதிதாய் வந்த நூல்களிடையே மாலுமி ஒருவரையும் அவர் மகளையும் பற்றிய கதையைக் கண்டதும் டீச்சர் துள்ளினாள். வழக்கம்போல் நிறுத்தவேண்டிய இடம்வரை, அதாவது புயல் எழும்வரை, படித்துப் பார்த்தாள். வெள்ளியன்று சிறுமியிடம் கொடுத்தாள். அவள் அதை விரித்தபடியே வீதியில் நடந்து செல்வதைச் சாளரம் வழியே கண்டு உள்ளம் பூரித்தாள்.

மறுநாள் வீட்டில், அந்நூலின் இன்னொரு பிரதியை எடுத்து எஞ்சிய பாதியைப் படித்தவள் திடுக்கிட்டு எழுந்தாள். கப்பல் கரை சேர்ந்தது. தந்தை சேரவில்லை.

"என்னடி, கொதிக்கிற தண்ணி மாதிரி இருப்புக் கொள்ளாம நிக்கிறே?" என்றான் மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்த கணவன். அவள் சொன்னாள்.

"முழுசாப் படிக்காமலா குடுத்தே? பாதியில நிறுத்துறது புள்ளைங்களுக்குத்தான்னு நினைச்சேன். உனக்கும் அதே கதைதானா!"

சுருக்கென்றது. சிரிப்புக்கதை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு சிறுமியின் வீட்டுக்கு விரைந்தாள். வழியெல்லாம் மனம் தாளைப் புரட்டிக்கொண்டே வந்தது. இந்நேரம் புயல் எழுந்திருக்குமா? பாய்மரம் முறிந்திருக்குமா? படிக்கவே மாட்டாத பிள்ளை முதன்முதலாகப் படித்தது இதையா? இனி ஒரு நூலையேனும் தொடுவாளா?

கதவைத் திறந்த தாயின் முகம் மலர்ந்திருந்தது. "வாங்க டீச்சர்! என்ன மந்திரம் போட்டீங்க? சாப்பிடக் கூப்பிட்டாலும் தலையைத் தூக்க மாட்டேங்கிறா."

"எந்தப் பக்கத்துல இருக்கா?"

"பக்கமா? அதெல்லாம் எனக்கென்ன தெரியும்?"

சிறுமி சுவரில் சாய்ந்திருந்தாள். சில தாள்களே எஞ்சியிருந்தன.

"கண்ணு, அதைக் குடுத்திடு. இதைப் படியேன், சிரிச்சு வயிறு வலிக்கும்."

"முடிக்கப்போறேன், டீச்சர்." அவள் டீச்சரின் முகத்தை உற்று நோக்கினாள். "அப்பா வரமாட்டாரா?"

பொய் நாநுனிவரை வந்தது. விழுங்கினாள். "இந்தக் கதையில வரமாட்டார், கண்ணு."

தாயின் மலர்ச்சி வற்றியது. "இதையா டீச்சர் தேடிப் புடிச்சுக் குடுத்தீங்க? எங்க வீட்டு நிலைமை தெரிஞ்சுமா?"

"தப்புதாம்மா. கடைசிவரைக்கும் படிக்காமக் குடுத்துட்டேன்."

இருவரும் பேசுவது காதில் விழாததுபோல் சிறுமி படித்துக்கொண்டே போனாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து தாளில் சொட்டியது. நூலைப் பிடுங்க நீண்ட தாயின் கை பாதியிலேயே நின்றது. இறுதி வரி முடிந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். நூலைப் புரட்டி மீண்டும் தொடக்கத்துக்கு வந்தாள்.

"மறுபடியும் எதுக்குடி?" என்றாள் தாய்.

"முதல் பக்கத்துல அப்பா இருக்காருல்ல."

டீச்சர் இருக்கவும் மாட்டாமல், போகவும் மாட்டாமல் வாயிலில் நின்றாள். தாய் மகளருகே சென்று அமர்ந்தாள்.

"சத்தமாப் படி," என்றாள்.