இணைச்சீருக்கு இரவல் நகை

மருமகளின் நகையெல்லாம் கருமத்தம்பட்டி வட்டிக்காரரிடம் இருப்பதை மகன் என்னிடம் சொன்னபோது, அவள் தம்பியின் கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. தறி ஓட்ட நூல் வாங்கக் கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன், கடைசியில் நகை. அவளே கழற்றிக் கொடுத்திருக்கிறாள். அவள் பிறந்த வீட்டுக்கு எதுவும் தெரியாது.

எங்கள் பக்கம் தாலி கட்டுமுன் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் அக்கா நகையெல்லாம் பூட்டி, சீர்க்கூடையோடு தம்பியருகே நிற்பாள். மண்டபமே அவளைத்தான் பார்க்கும்.

எங்கள் துடியலூர் வீட்டை விற்கப் பேசிவிட்டேன். பணம் கைக்கு வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். வட்டிக்காரரிடம் போனேன்.

"உக்காருங்க, மொதல்ல காபி குடிங்க" என்றார். "பணம் வராம பொருளைக் குடுக்க முடியுங்களா, நீங்களே சொல்லுங்க."

"ஒரே ஒரு நாளைக்குங்க" என்று கும்பிட்டேன். என் குரல் எனக்கே பிச்சைக்காரன் குரலாகக் கேட்டது.

யோசித்தார். "செரிங்க. நானே கொண்டாறேன். முடிஞ்சதும் வாங்கிட்டுப் போயிர்றேன்."

மேட்டுப்பாளையம் மண்டபத்துக்கு மஞ்சள் பையோடு முதல் ஆளாக வந்தார். இணைச்சீர் முடியும்வரை முன்வரிசையில் உட்கார்ந்து மருமகளின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவுங்க ஆருங்க?" என்றார் சம்பந்தி.

"பையனோட சிநேகிதருங்க."

"அப்ப நம்மூட்டு ஆளுங்க!" சம்பந்தியே கைபிடித்துப் பந்திக்குக் கூட்டிப் போய் இரண்டு லட்டு வைக்கச் சொன்னார்.

"சக்கரை இருக்குதுங்க. உங்களுக்காகத் திங்கறேன்."

சாப்பிட்டுக் கை துடைத்தபடி என்னிடம் வந்தார். "பந்தி பிரமாதமுங்க. அம்மணி கழட்டிக் குடுத்தா நான் கெளம்பறேன்."

நகையைக் கழற்ற மருமகள் அறைப் பக்கம் திரும்பினாள். அதற்குள் அவள் அம்மா மேடையிலிருந்து கூப்பிட்டார்: "கண்ணு, போட்டோ எடுக்கோணும், வா!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். "ஒரு போட்டோ மட்டுமுங்க…"

"எடுங்க, அதுக்கென்ன. நானும் பக்கத்துலயே நின்னுக்கறேன்."

நின்றார். மருமகளுக்கும் மகனுக்கும் பின்னால், பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

பிறகு வீடு போயிற்று. கடன் தீர்ந்தது, நகை வந்தது. மகன் இப்போது மில்லில் கூலிக்குத்தான் போகிறான். அந்தப் போட்டோ சம்பந்தி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. போகும்போதெல்லாம் அவர் வாஞ்சையோடு விசாரிக்கிறார்:

"அந்தச் சிநேகிதர் சௌக்கியமுங்களா? ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

"செரிங்க" என்கிறேன். போட்டோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து காபியைக் குடித்து முடிக்கிறேன்.