மாரி என்றொரு கூட்டாளி

ஆக்லாந்தில், வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் நூலால் புருவம் திருத்தும் தொழில் நடத்துகிறாள் செல்வி. காலையில் வரும் முதல் வாடிக்கையாளர் கார்டைத் தட்டிப் பணம் கட்டியதும், அந்தக் கார்டு மெஷினை இரண்டு கையாலும் எடுத்து வலக்கண்ணில் ஒரு தடவை, இடக்கண்ணில் ஒரு தடவை ஒற்றிக்கொள்வாள். முதன்முதலாக நான் அதைப் பார்த்த அன்று, நாற்காலியிலிருந்து எழுந்த வெள்ளைக்கார அம்மாள் பதறிப்போனார். "பணம் வரவில்லையா? என்னிடம் ரொக்கமும் இருக்கிறது, அழாதே" என்று கைப்பையைத் துழாவினார். "நோ நோ, ஹேப்பி" என்றாள் செல்வி. அந்த அம்மாள் நம்பாமல் ஐந்து டாலரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். போணிக் காசைக் கண்ணில் ஒற்றுவதைக் காரைக்குடிக் கடைகளில் நான் நாளும் பார்த்து வளர்ந்தவள். ஆனால் பிளாஸ்டிக் டப்பாவை ஒற்றிப் பார்த்தது இங்கேதான்.

செல்வியைப் போலத் தனியாகத் தொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கு எழுதி வரிப் படிவம் நிரப்புவது என் பிழைப்பு. வீடு துடைப்பவர்கள், பிள்ளை பார்ப்பவர்கள், மருதாணி வைப்பவர்கள், நாய்க்கு முடி வெட்டும் ஒருத்தி. எல்லோருக்கும் என்னிடம் கொஞ்சம் பயம் உண்டு. ரசீது இல்லாமல் வருபவர்களிடம் நான் நல்ல முகம் காட்டுவதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்து மானகிரியிலிருந்து வந்த செல்வி என் ஊர்க்காரி என்பதற்காக அவளிடம் இன்னும் கடுமையாகவே இருந்தேன். அப்படிப்பட்ட நான்தான், அவள் மேசையில் இரண்டு கார்டு மெஷின்கள் இருப்பதையும், ஒன்றில் குங்குமப் பொட்டு இருப்பதையும் மூன்று வருஷமாகப் பார்த்தும், ஆயுதபூஜைக்கு வைத்த பொட்டு என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கணக்கில் காட்டாத பணம் ஒன்றைப் பற்றிக் கேட்டு வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பொட்டு வைத்த மெஷின் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை வேலை செய்யும். முதல் வாடிக்கையாளருக்கு மட்டும். அந்தப் பணம் தனியாக ஒரு வங்கிக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்குக்குச் செல்வி வைத்திருந்த பெயர் 'மாரி'. ஊருக்குப் போகும்போது முத்துமாரியம்மன் உண்டியலில் போடுவதற்கான பணம் அது. மூன்று வருஷமாக ஊருக்குப் போக முடியவில்லை. பணம் சேர்ந்துகொண்டே இருந்தது. என்னிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.

"அது என் கணக்கு இல்லையேக்கா. ஆத்தாளோட கணக்கு. அத எதுக்கு உங்ககிட்டக் காட்டணும்?" என்றாள். அவள் முகத்தில் துளிக் கள்ளத்தனம் இல்லை.

கடைத்தெருவில் ஒரு கடைக்கு அவள் பேசி வைத்திருந்தாள். கண்ணாடிக் கதவும் மூன்று நாற்காலியும் போட இடமும் உள்ள கடை. கொட்டகையில் குளிரில் நடுங்கி நூல் பிடித்தவளுக்கு அது பெரிய கனவு. வரி அலுவலகத்தின் கேள்வி முடிந்தால்தான் வங்கி கடன் தரும். ஒன்பது நாளுக்குள் பணம் வராவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும்.

விசாரித்த அதிகாரியின் பெயர் ஹெதர். இந்த நாட்டில் வரி அதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் வாய் கூசும். என் வீட்டு மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டு, செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் சொன்னால் ஒழிய வாயைத் திறக்காதே என்று எச்சரித்திருந்தேன்.

"மாரி என்பவர் யார்?" என்றார் ஹெதர்.

"அவுக எங்க…" என்று தொடங்கிய செல்வி, சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவி, "மை பாஸ்" என்றாள்.

"இந்த நாட்டில் வசிக்கிறாரா?"

"காரைக்குடியில்."

"தொழிலில் அவருடைய பங்கு என்ன?"

"கஸ்டமர் அனுப்புவார். எல்லா கஸ்டமரும் அவர் அனுப்புவதுதான்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. வெளிநாட்டுக் கூட்டாளி, விளம்பரக் கமிஷன் என்று ஏதோ எழுதிக்கொள்கிறார் என்று புரிந்து, குறுக்கே விழுந்து விளக்கினேன். தெய்வம், போணி, உண்டியல், எல்லாவற்றையும். ஹெதர் பொறுமையாகக் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "புரிகிறது. அவருக்கு வரி எண் இருக்கிறதா?" என்றார். கேலி இல்லை. படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது, அவ்வளவுதான். கடைசியில், பணம் முழுவதும் செல்வியுடையது என்று அவள் கையெழுத்துப் போட்டு, விட்டுப்போன வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் கோப்பை மூடிவிடலாம் என்றார். நல்ல மனுஷி. நான் நிம்மதியாகப் போனை வைத்தேன்.

செல்வி எழுந்து நின்றுவிட்டாள். "என்னக்கா இப்புடிச் சொல்றீக? வரி எம்புட்டுனாலும் என் காசுல கட்டுறேன். ஆத்தா காச என் காசுன்னு எப்புடிக்கா கையெழுத்துப் போடுவேன்? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால போயி நிப்பேன்?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு காரைக்குடியில் நான் வேலை பார்த்த ஆடிட்டர் அலுவலகமும் ஞாபகம் வந்தது. அங்கே கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி வருவார். தன் பெரிய வீட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுச் சமையலுக்கும் ஆள் வைத்து நடத்தியவர். பையை மேசையில் வைத்ததும், "மொதல்ல மகமைய எழுதுங்க, பெறகு என்னையப் பாப்போம்" என்பார். மகமை என்றால் வரும்படியில் கோயிலுக்கு எடுத்து வைக்கும் பங்கு. ஆடிட்டர் ஆச்சி எதிரில் அதை முதல் வரியாக எழுதுவார். ஆச்சி போன பிறகு நான் தட்டச்சு செய்யும் தாளில், மகமையும் சேர்த்து முழுவதும் ஆச்சியின் வருமானம்தான். வரிக்குப் பிறகுதான் அம்மனுக்கு. அந்தத் தாளை ஆச்சி படித்ததில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். கணக்கு அங்கேயும் இதுதான். அதை முகத்துக்கு நேரே சொல்லும் பாவம் மட்டும் அங்கே யாருக்கும் இல்லை. இங்கே அது என் தலையில் விழுந்தது.

ஏழு நாள் கெஞ்சினேன், மிரட்டினேன். அவள் அசையவில்லை. எட்டாம் நாள், "அம்மாகிட்டப் பூக்கட்டிப் பாக்கச் சொல்லியிருக்கேன்" என்று மதியம் வந்து நின்றாள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் குலுக்கி அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கையெழுத்துப் போட அம்மன் சம்மதம். ஒரு சிறு தொழிலின் மூன்று வருஷக் கணக்கு, வீடியோ அழைப்பில், கோயில் வாசலில் இருக்கும் பூவை நம்பி நின்றது. தொழில்முறை மானம் எல்லாவற்றையும் மறந்து நானும் மனசுக்குள் கும்பிட்டேன்.

அங்கே காலைநேரம். செல்வியின் அம்மா, வரிசையில் நின்ற ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னார். பிரித்தார். மல்லிகை. செல்வி விசும்பிக்கொண்டே போனை என் கையில் திணித்துவிட்டு முகம் கழுவப் போனாள். அந்த அம்மாள் போனைக் கையில் பிடித்தபடியே இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துத் தலையில் வைக்கப் போனார். அதுவும் மல்லிகை. திரையில் என்னைப் பார்த்ததும் திகைத்தார்.

"தாயி, அவகிட்டச் சொல்லிராத."

"அம்மனையே ஏமாத்தலாமாம்மா?"

"ஏமாத்துறதா? ரெண்டும் வெள்ளைதான் கட்டப் போறேன்னு ஆத்தாகிட்ட மொதல்லயே சொல்லிட்டுல்ல கட்டுனேன்" என்றார்.

பத்து நிமிஷத்தில் செல்வி கையெழுத்துப் போட்டாள். மாரி கணக்கிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. வரியைத் தன் நகையை அடகு வைத்துக் கட்டினாள். கெடு முடிவதற்குள் வங்கிக் கடனும் வந்துவிட்டது. நான் அனுப்பிய காகிதங்களில் இருந்ததெல்லாம் உண்மை. அந்த இன்னொரு பொட்டலம் மட்டும் எந்தப் படிவத்திலும் இல்லை. அதற்காக வெட்கமும் பட்டேன், சந்தோஷமும் பட்டேன்.

கடை திறந்த அன்று, "அக்கா, நீங்க போணி பண்ணுங்க" என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். புருவத்தில் நூல் ஓடியதில் என் கண்ணில் நீர் வழிந்தது. நூல்தான் காரணம் என்று சொல்லிவைக்கிறேன். கார்டைத் தட்டினேன். இப்போது ஒரே மெஷின்தான். ஓரத்தில் பொட்டு. அவள் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். மெஷின் இரண்டு ரசீது துப்பியது. ஒன்றை என்னிடம் கொடுத்தாள். கடைக்கு வைக்க வேண்டிய மற்றதை அலமாரியில் இருந்த அம்மன் படத்துக்கு அடியில் செருகினாள்.

"செல்வி, அது ஃபைலுக்கு வேணும்."

"தாரேன்க்கா. ஊருக்குப் போயி ஆத்தாகிட்டக் கணக்குச் சொல்ற வரைக்கும் அங்குட்டே இருக்கட்டும்."

ரசீது இல்லாதவர்களிடம் நல்ல முகம் காட்டாத நான், அவள் கடையின் முதல் நாள் கணக்கை அந்த ஒரு ரசீது இல்லாமலே எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.