அம்மாவின் பஸ் பாட்டு

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் எல்லோரும் களைத்திருந்தார்கள். அம்மா வேலைக்குப் போய்க் களைத்தாள். அப்பா போகாமல் களைத்தார். எனக்குப் பத்து வயது, பள்ளிக்கூடம் விடுமுறை. மல்காஜ்கிரியில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, தெருவில் தண்ணீர் லாரி வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

அப்பாவும் அம்மாவும் திருச்சிப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காக ஹைதராபாத் வந்தவர்கள். ஆளுக்கொரு கம்பெனி. அமெரிக்காவில் ஏதோ பாங்குகள் கவிழ்ந்துவிட்டன என்று இங்கே அப்பாவை முதலில் வேலை ஒன்றும் கொடுக்காமல் சும்மா உட்காரவைத்தார்கள். அதற்கு ‘பெஞ்ச்’ என்று பெயர். வகுப்பில் பெஞ்ச் மேல் ஏறி நிற்கச் சொல்வார்களே, அந்த மாதிரி தண்டனை என்று நினைத்தேன். பெரிய தவறும் இல்லை. பிறகு அந்த பெஞ்ச்சும் போயிற்று. அக்கம்பக்கத்தில் அம்மா, “வீட்லேர்ந்தே வேலை பாக்குறாரு” என்று சொல்லிவைத்திருந்தாள். யார் கேட்டாலும் நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

வீட்டிலிருந்தே அப்பா பார்த்த வேலை, அம்மாவுக்குப் பாட்டு இறக்குவது.

நல்ல காலத்தில் அவர் அம்மாவுக்கு வாங்கித் தந்த போனோடு ஒரு வருஷத்துப் பாட்டுச் சந்தாவும் சேர்ந்து வந்திருந்தது. கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் நெட்டில் கேட்கலாம். பிடித்ததை இறக்கி, கேபிள் போட்டுப் போனில் ஏற்றிக்கொண்டால் நெட் இல்லாமலும் கேட்கலாம். அம்மாவின் போனில் நெட் இல்லை. செலவைக் குறைக்க அவளே நிறுத்தச் சொல்லிவிட்டாள். அவளுடைய ஆபீஸ் பஸ் மெட்டுகுடாவில் புறப்பட்டு, செகந்திராபாத், பேகம்பேட், பஞ்சகுட்டா என்று நின்று நின்று ஹைடெக் சிட்டி போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிடும். அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாளே என்று அப்பாவுக்குக் கவலை.

அவர் பாட்டுகளை வரிசைப்படுத்துவதைப் பார்க்க வேண்டும். பஸ் ஏறியதும் ஒரு சுறுசுறுப்பான பாட்டு. செகந்திராபாத் நெரிசலுக்கு மெதுவாக ஒன்று, எரிச்சல் வரக்கூடாது என்பதற்காக. பேகம்பேட் மேம்பாலத்தில் பஸ் ஏறும்போது வயலின் ஓங்கி வருகிற மாதிரி ஒன்று. எங்கள் பிராட்பேண்ட் மாட்டுவண்டி வேகத்தில் ஓடும். ஒரு பாட்டு இறங்கி முடிவதற்குள் அப்பா துணியை உலர்த்தி, பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டு வந்து மறுபடியும் திரையின் முன்னால் உட்கார்ந்துகொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “யே நக்கோ, வோ டாலோ”, இது வேண்டாம், அதைப் போடுங்கள் என்று தெருவில் கற்ற ஹிந்தியில் யோசனை சொல்வேன். பாதியை ஏற்றுக்கொள்வார்.

சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்.

“பேகம்பேட் பாலத்துல அந்த வயலின் வந்துச்சா?”

“பாலத்து மேல ஏறும்போது கரெக்டா வந்துச்சுங்க.”

“நேத்து?”

“நேத்து ஒரே ஜாம். பாலம் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

அப்பா தலையை ஆட்டிக்கொள்வார். மறுநாள் அந்தப் பாட்டுக்கு முன்னால் இன்னொன்றைச் செருகுவார். ஒரு நாளில் அவர் முகம் தெளிகிற நேரம் அதுதான்.

மே மாதத்தில் பெங்களூரில் ஒரு இன்டர்வியூ வந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை, மழை பிடித்த பிறகு வேறொன்று கிடைத்தது என்பதெல்லாம் அப்புறத்துக் கதை. அப்பா ஊரில் இல்லாததால் அம்மா என்னைத் தன்னோடு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை உண்டு.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஜன்னலோரம் அம்மா, நடுவில் நான், இந்தப் பக்கம் அம்மாவின் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தெலுங்கு ஆன்ட்டி. அம்மா உட்கார்ந்ததும் இயர்போனைக் காதில் செருகிக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆன்ட்டி பையிலிருந்து வறுத்த வேர்க்கடலை எடுத்து என் கையில் கொட்டினார். எந்த ஸ்கூல், எந்த கிளாஸ், தம்பி தங்கை உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “நான்னா ஏம் சேஸ்தாரு?” என்றார்.

அப்பா என்ன செய்கிறார்? வாய் நிறையக் கடலை. வீட்டில்தான் இருக்கிறார், நாள் முழுக்க அம்மாவுக்குப் பாட்டு டவுன்லோட் பண்ணுகிறார் என்று பெருமையாகத் தெலுங்கில் சொன்னேன். முன்பு வேலைக்குப் போனாரா என்று கேட்டதற்கு, போனார், இப்போது அவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன்.

“அய்யோ” என்று ஆன்ட்டி அம்மாவைப் பார்த்தார். சொன்ன பிறகுதான் எனக்கு உத்தரவு நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கண் மூடியே இருந்தது, காதில் பாட்டு. நல்லவேளை, கேட்டிருக்காது என்று மூச்சு வந்தது.

பேகம்பேட் பாலம் வந்தது. வயலின் வருகிற நேரமாயிற்றே என்று ஆசையாக அம்மாவின் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்து என் காதில் வைத்துக்கொண்டேன்.

ஒன்றும் வரவில்லை. அழுத்திப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த போனைப் பார்த்தேன். அப்பா ஏற்றிய பாட்டுகள் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் பூட்டுப் படம்.

“அம்மா, பாட்டு வரல.”

அம்மா கண்ணைத் திறந்தாள். “அது பூட்டிக்கிச்சு பாப்பா. உகாதிக்கு முன்னாடியே.”

“அப்பாகிட்ட சொல்லலாம்ல? அப்பா சரி பண்ணிடுவார்.”

“வேணாம். அப்பாகிட்ட சொல்லாத. பாவம், அவ்வளவு ஆசையா ஏத்துறார்.”

அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. ஆசையாக ஏற்றுகிறவரிடம்தானே சொல்ல வேண்டும்? அதைவிடப் பெரிய விஷயம் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. பாட்டு ஓடவில்லை என்றால் அம்மாவின் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது. திட்டுக்காகக் காத்திருந்தேன். அம்மா என் பாவாடையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டாள்.

பிள்ளைகள் அறையில் என்னைவிட எல்லோரும் சின்னவர்கள். விளையாடுவதற்காக அம்மா போனை என்னிடமே விட்டுப் போயிருந்தாள். மதியம் ஆன்ட்டி என்னைப் பார்க்க வந்தார். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றுதானே அம்மா சொன்னாள், ஆன்ட்டியிடம் சொல்லக்கூடாது என்று சொல்லவில்லையே? போனை நீட்டி, பூட்டுகளைக் காட்டினேன்.

ஆன்ட்டி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். மாதம் ஒருமுறையாவது போன் நெட்டில் சேர்ந்து, சந்தா இன்னும் இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் பாட்டுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளுமாம். கம்ப்யூட்டரில் எப்போதும் நெட் இருந்ததால் அப்பாவுக்கு அங்கே எல்லாம் நன்றாகவே பாடியிருக்கிறது. ஆன்ட்டி ஆபீஸ் நெட்டில் போனைச் சேர்த்தார். பூட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நான் குதித்தேன்.

“அப்போ காலைலயும் இது பாடலையா?” என்று தெலுங்கில் கேட்டார்.

“இல்லை. உகாதிக்கு முன்னாலிருந்தே இல்லை.”

ஆன்ட்டி சிறிது நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மீதிக் கடலையைப் பொட்டலத்தோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஆன்ட்டி எங்கள் இருக்கையைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன்.

அம்மா இயர்போனைச் செருகிக் கண்ணை மூடினாள். இதற்காகவே காத்திருந்தவள் போல் நான் பாட்டை ஓடவிட்டேன்.

சூடு பட்டவள் மாதிரி அம்மா நிமிர்ந்தாள்.

“பாட்டு வருது!” என்றேன்.

“யாரு பண்ணா?”

“நானும் ஆன்ட்டியும். அப்பாகிட்ட சொல்லவே இல்ல!”

அம்மா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். ஆன்ட்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துவிட்டு, “சமத்து” என்று என் கன்னத்தைத் தட்டினாள். ஒரு காதை எனக்குக் கொடுத்தாள். இவ்வளவு நாள் கழித்துப் பாட்டு வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் சிரிக்கலாமே என்று எனக்குக் குறைதான்.

அப்பாவின் வரிசை காலை நேரத்துக்குப் போட்டது. திரும்பும் பாதையில் எல்லாம் இடம் மாறி வந்தது. பஞ்சகுட்டா சிக்னலில் பஸ் அசையாமல் நிற்கையில் வயலின் ஓங்கி வாசித்தது. வெளியே ஆட்டோக்களின் ஹாரன். அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பாட்டின் சத்தம் குறைவது தெரிந்தது. குனிந்து பார்த்தேன். அம்மாவின் கட்டைவிரல் போனின் பக்கவாட்டு பட்டனை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது. திரையில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசிக் கோடும் போனது. அவள் முகத்தில் வீட்டில் நான் பார்த்தே இராத ஓர் அமைதி. வாய் லேசாகத் திறந்திருந்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது போல் உட்கார்ந்திருந்தாள்.

தூக்கத்தில் விரல் பட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்பா தேடித் தேடி இறக்கிய பாட்டு வீணாகப் போகிறதே என்று இருந்தது. அவள் கையிலிருந்து போனை மெதுவாக உருவி, சத்தத்தைப் பழையபடி கூட்டினேன். என் காதிலிருந்ததையும் எடுத்து அவளுடைய இன்னொரு காதில் நன்றாகப் பொருத்திவிட்டேன். பாதிப் பாட்டை நான் எடுத்துக்கொள்ள வேண்டாம், முழுக்க அவளே கேட்கட்டும் என்று.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் மூடிக்கொண்டது. மெட்டுகுடா வரும்வரை ஒரு பாட்டு விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.