பச்சை காட்டிய படகு

கொக்குவிலில் நான் வேலை செய்யும் மென்பொருள் அலுவலகத்தில் ஒரே வேலையை இரண்டு முறை செய்வது பெரும் பாவம். ஆளுக்கொரு ஏஐ உதவியாளர் எங்களுக்காக நிரல் எழுதியது. ஆளுக்கொரு விதமாக அதற்கு நாங்கள் அறிவுறுத்தல் எழுதினோம். ஒருவர் பாடுபட்டு எழுதியதை அடுத்த நாள் பக்கத்து மேசையில் இன்னொருவர் திரும்ப எழுதுவது மேலாளருக்குப் பொறுக்கவில்லை. நல்ல அறிவுறுத்தல்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தார், நூலகம் என்று பெயர் வைத்தார், எல்லா உதவியாளர்களையும் அதனோடு இணைத்தார். இனி எந்த வேலை என்றாலும் உதவியாளர் முதலில் நூலகத்தைப் பார்க்கும். பொருந்தும் என்று தனக்குப் படுவதை எடுத்துக்கொள்ளும். எங்களைக் கேட்காது.

“ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி” என்றார் மேலாளர். கைதட்டினோம். ஓடுகிற தேரை நிறுத்தச் சறுக்குக்கட்டை போடவும் ஆள் வேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

நூலகத்தில் எல்லாரும் மெச்சிய விதி ஒன்று இருந்தது. ஒரு ரியூசன் நிலையத்துக்காகப் பக்கத்து மேசைக்காரர் எழுதியது. பிள்ளைகள் வரும்போதும் போகும்போதும் அட்டையைக் காட்டவேண்டும். பெற்றோருக்குச் செய்தி போகும். வகுப்பு விட்டதும் சைக்கிளைத் தேடி ஓடுகிற பிள்ளைக்கு அட்டை ஞாபகம் வருமா? ஆகவே, போனதாகப் பதியாத பிள்ளைகளை நிலையம் மூடும் நேரத்தில் போனதாகக் கொள் என்று எழுதினார். கெட்டித்தனம்தான். நூலகத்தில் போடும்போது எல்லாருக்கும் உதவட்டும் என்று பிள்ளை, நிலையம் என்ற சொற்களை எடுத்துவிட்டார்கள். தொடக்கம் பதிந்து முடிவு பதியாத எதையும் நாள் முடிவில் முடிந்ததாகக் கொள் என்பதுதான் மிஞ்சியது.

அதன் பிறகு பருத்தித்துறைப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்று எங்களிடம் வந்தது. அது என் ஊர்ச் சங்கம்; என் அண்ணையும் அதில் உறுப்பினர். இரவில் படகு வெளிக்கிடும்போது போனில் ஒரு பொத்தான், கரைக்கு வந்ததும் இன்னொரு பொத்தான். காலை எட்டு மணிக்கும் திரும்பாத படகு இருந்தால் சங்கத்தில் அபாய மணி அடிக்கும், தேடப் போவார்கள். திரும்பிய படகு திரையில் பச்சை காட்டும், வீட்டுக்காரரும் பார்க்கலாம். உதவியாளர்கள் அதைச் சுறுசுறுப்பாக எழுதி முடித்தன.

ஒவ்வொரு காலையும் அந்தத் திரையைப் பார்ப்பேன். எல்லாம் பச்சை. எங்கள் ஆட்கள் கரைக்கு வந்தால் வலையைத்தான் பார்ப்பார்கள், போனையா பார்ப்பார்கள்? ஒருவர் விடாமல் பொத்தானை அழுத்துகிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பயந்திருக்க வேண்டும்.

வாடைக்காற்று பலத்திருந்த ஒரு நாள், பத்து மணியளவில் அண்ணையின் மனைவி, என் மச்சாள், அழைத்தாள். அவளுக்கும் நான் மச்சாள்தான்.

“மச்சாள், உங்கடை அண்ணை கரைக்கு வந்திட்டாரெண்டு போன் காட்டுது. நானும் மீன் குடுத்திட்டு வருவராக்கும் எண்டு இருந்தன். இன்னும் வரேல்லை. அடிச்சா லைனும் கிடைக்குதில்லை.”

திரையில் அண்ணையின் படகு பச்சையாகத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தியது யார் என்று உள்ளே தேடினேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது. மற்றப் படகுகளையும், முந்திய நாட்களையும் பார்த்தேன். பாதிக்கு மேல் வெறுமை.

உதவியாளரிடம் கேட்டேன். உடனே, மரியாதையாகப் பதில் சொன்னது: நூலகத்தின் பொது விதிப்படி, முடிவு பதியாத பயணங்கள் நாள் முடிவில் முடிந்ததாகக் கொள்ளப்படுகின்றன, இரவுத் தொழிலுக்கு நாள் முடிவு காலை ஆறு மணி, வேறு நேரம் வேண்டுமானால் மாற்றித் தரலாம்.

ஆறு மணிக்கு எல்லாரையும் கரை சேர்த்துவிட்டால் எட்டு மணிக்கு அபாய மணி அடிக்க என்ன இருக்கிறது? அந்த மணி ஒரு நாளும் அடித்திருக்காது.

சங்கச் செயலாளரை அழைத்தேன். “இஞ்சை எல்லாம் பச்சை எண்டெல்லோ காட்டுது, பிள்ளை. ஆரும் தேடப் போகேல்லை” என்றார்.

“அவர் அழுத்தேல்லை! அது தானா பச்சை போட்டது!” என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மறுமுனையில் செயலாளர் படகுகளை இறக்கச் சொல்லி ஓடும் சத்தம் கேட்டது.

பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினேன். வழியில் வல்லைத் திறந்த வெளியில் காற்று பஸ்ஸையே தள்ளியது. பக்கத்து மேசைக்காரரின் செய்தி வந்தது: விதியை நூலகத்திலிருந்து எடுத்துவிட்டோம். ஏற்கெனவே அதைப் பார்த்து எழுதிய நிரல்கள் எவையெவை என்று கேட்டேன். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. வேறு எங்கெல்லாம், யார் யாரெல்லாம் வீடு வந்துவிட்டதாக அது காட்டிக்கொண்டிருக்கிறதோ?

கரையில் மச்சாள் நின்றாள். போனை இறுக்கிப் பிடித்திருந்தாள், அதில் பச்சை. முன்னால் கடல் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு மணித்தியாலம் முந்திப் போயிருந்தால் என்று யாரோ சொல்லத் தொடங்கி, எங்களைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். என் வேலையை, அந்த மேலாளரை, கைதட்டிய என் கைகளை, எல்லாவற்றையும் வெறுத்தேன்.

பின்னேரம், தேடிப் போன படகொன்று அண்ணையின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்று, போன் சிக்னலும் கிடைக்காத தூரத்துக்கு நீரோட்டம் இந்திய எல்லைப் பக்கம் கொண்டுபோயிருந்தது. அண்ணையும் கூடப் போனவரும் விறைத்துப்போயிருந்தார்கள். அவர்களைக் கண்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

இந்த முறையாவது கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று செயலாளர் பொத்தானை அழுத்தச் சொன்னார். அண்ணை பொலித்தீன் பைக்குள்ளிருந்து போனை எடுத்து அழுத்தினார். பிறகு திரையில் வந்ததைச் சத்தமாக வாசித்தார்.

“நீங்கள் ஏற்கெனவே கரை சேர்ந்துவிட்டீர்கள்.”

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

“அப்ப இவ்வளவு நேரமும் கடலிலை கிடந்தது ஆர், தங்கச்சி?”