மலைக்காரி பொன்முடிக்குப் போனாள்

கொல்லயிலில் ப்ளோரன்சை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. மலைக்காரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வெள்ளறடைப் பக்கத்தில், உச்சியில் சிலுவை நிற்கிற குரிசுமலைக்கு வருஷம் தவறாமல், வெறுங்காலோடு, பட்டினியாக ஏறி இறங்குகிறவள் என்பதால் வந்த பெயர். கணவன் வில்பிரட் கொத்தனார். அவனுக்குக் கையாளாக நின்று சாந்துச் சட்டி சுமந்து உரம் ஏறிய கால்கள் அவளுடையவை. மூட்டுவலியும் மூச்சிரைப்பும் அவளை அண்டியதில்லை. அதனாலேயே மலை ஏற முடியாதவர்களின் வேண்டுதல்களெல்லாம் அவள் கைக்கு வந்து சேர்ந்தன. ஒருத்தியின் மகனுக்கு விசா கிடைக்க வேண்டும், இன்னொருத்தியின் புருஷன் குடியை விட வேண்டும். ஆளுக்கொரு மெழுகுதிரிக் கட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எந்தக் கட்டு யாருடையது என்று மாறிப்போகாமல் குரிசடியில் ஏற்றி, அவரவர் பெயரைச் சொல்லிச் செபித்துவிட்டு வருவாள். இந்நாள் வரைக்கும் ஒருவருடையதும் விட்டுப்போனதில்லை. அதில் அவளுக்குப் பெருமை. அகம்பாவம் என்று சொன்னாலும் தப்பில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் மகன் ஜிஜோ கொச்சியிலிருந்து போனில் சொன்னான்.

"அம்மா, சனியாழ்ச்ச நானும் ரினியும் வாறோம். எல்லாரும் சேந்து மலைக்குப் போவோம். அப்பாவையும் கிளப்பி நிறுத்து."

மலை என்றால் அவளுக்கு ஒரே மலைதான். மற்ற மலைகளைச் சொல்ல வேண்டுமானால் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் சேர்க்காத மலை குரிசுமலை. அவன் எந்த மலை என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து கிறிஸ்துமஸ் பூசைக்கு மட்டும் பள்ளிக்குப் போகிற மகன், தானாக மலைக்குக் கூப்பிடுகிறானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நோன்புகாலக் கூட்டமெல்லாம் கலைந்த வைகாசி மாசம், ஏறுவதற்குச் சுகமாக இருக்கும் என்றுகூடக் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ஓமனக்குட்டி இதைக் கேட்டதும் முழங்கால் முட்டுவலியையும் பாராமல் வேலியோரம் ஓடி வந்தாள். இந்து வீட்டுக்காரி என்றாலும் குரிசுமலை மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. அவள் மகள் சினிக்கு இரண்டு தடவை கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. இப்போது மூன்றாவது. வருகிற வாரம் ஸ்கேன்.

"அக்கா, இத எனக்க சினிக்கு வேண்டி கத்திக்கணும்." மஞ்சள் துணியில் சுற்றிய மெழுகுதிரிக் கட்டை, மலையில் ஏற்றச் சொல்லி நீட்டினாள். "அவளுக்க பேரு மறந்திராதே."

"நான் மறப்பனா ஓமனா? ஒனக்க பேத்தியோ பேரனோ நல்லா வரும். நீ நிம்மதியா இரி."

வெள்ளிக்கிழமை ராத்திரியோடு ப்ளோரன்ஸ் சாப்பாட்டை நிறுத்தினாள். காலையில் வெள்ளம் மட்டும் குடித்துவிட்டு, துணிப்பையில் மெழுகுதிரியும் தீப்பெட்டியும் செபமாலையும் எடுத்து வைத்துக்கொண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறினாள். வில்பிரட் புதுச் சட்டையும் தோல் செருப்புமாக முன்னிருக்கையில் இருந்தான். மலைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு வருகிற ஆளைப் பார் என்று அவள் மனதுக்குள் திட்டினாள்.

"அம்மா, செருப்பு எங்க?" என்றாள் மருமகள் ரினி.

"எனக்கு மலைக்கு செருப்பு வேண்டாம் மக்கா."

"குத்தாதா?"

"குத்தணும் இல்லியா!"

ரினிக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியாரின் வழக்கம் இதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளறடைக்குத் திரும்ப வேண்டிய வண்டி காட்டாக்கடைப் பாதையைப் பிடித்தபோது ப்ளோரன்ஸ் வாய்க்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆரியநாடு என்ற பலகையைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது.

"மக்கா, வெள்ளறடைக்கு இது வழியில்லியே?"

"வெள்ளறடையா? அங்க என்னத்துக்கு? பொன்முடிக்கு இதாக்கும்மா வழி." ஜிஜோ கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். "ஒனக்கும் அப்பாவுக்கும் வேண்டித்தான் லீவு போட்டுட்டு வந்தேன். நீங்க ரெண்டுபேரும் ஒரு எடம் சுத்திப் பாத்ததுண்டா? பாரு, மேல போனா மஞ்சு இறங்கும்."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். அவள் திறக்கவில்லை. மலைக்காரிக்கு மலை எது என்று தெரியாமல் போய்விட்டது என்று வில்பிரட் கொல்லயில் முழுக்க, சாயாக்கடை சாயாக்கடையாகச் சொல்லிச் சிரிப்பான். லீவு போட்டு வந்த மகனின் முகமும் சுருங்கிப்போகும். துணிப்பையை மடியில் இழுத்து வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

செக்போஸ்டில் காவலாள் குனிந்து கேட்டான், பிளாஸ்டிக் உண்டா, மது உண்டா என்று. பையைக் காட்டி, "அம்மே, இதில் எந்தா?" என்றான்.

"துணி" என்றாள் ப்ளோரன்ஸ். பொய் சொன்ன நாக்கு கசந்தது.

மேலே ஏற ஏறத் தேயிலைத் தோட்டம் வந்தது. வளைவுக்கு வளைவு வில்பிரட் ஒரு சத்தம் போட்டான். "எட்டி ப்ளோரி, கீழ பாருட்டி! நாம வந்த ரோடாக்கும் அது, பாம்பு மாதிரி கெடக்கு!" அவள் பார்க்க மாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பார்த்தால் பிடித்துப்போய்விடும் என்று பயந்தவளைப்போல.

பிடித்துத்தான் போயிற்று. உச்சியில் இறங்கியதும் காற்று அவள் சேலையை ஒரு பக்கமாக இழுத்தது. மெத்தென்று புல் விரிந்து கிடந்தது. குரிசுமலையில் அவள் கால் அறிந்தது கல்லும் சூடும்தான். ஏறும்போது பாதையை மட்டும் பார்ப்பாள், இறங்கும்போது பஸ்ஸை நினைப்பாள். மலை என்பது வருந்துவதற்கான இடம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தவளின் உள்ளங்காலில் இந்தப் புல் குளிர்ந்தது. அப்போது கீழே பள்ளத்திலிருந்து மஞ்சு வெள்ளைப் பனிமூட்டமாகக் கிளம்பி வந்தது. முதலில் எதிர்க் குன்றை மறைத்தது, பிறகு வில்பிரட்டை மறைத்தது, பிறகு அவள் கையையே மறைத்தது.

"ஏ, ஆளக் காணல்லியே! நீங்க எங்க நிக்கிதிய?" என்று அவள் கூவினாள்.

"நான் பரலோகத்துல நிக்கேன்டி. நீ வாறியா?"

ப்ளோரன்ஸ் சிரித்தாள். வயிறு குலுங்க, கண்ணில் வெள்ளம் வரச் சிரித்தாள். ரினி வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாகப் புல்சரிவில் கொஞ்சதூரம் ஓடினார்கள். மஞ்சு விலகும், சூரியன் எட்டிப் பார்க்கும், மறுபடியும் மூடும். ஒவ்வொரு தடவையும் அவள் "கொள்ளாம்! கொள்ளாம்!" என்று மெச்சினாள். பசி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேண்டீனில் ஜிஜோ பொறோட்டாவும் கோழி பொரித்ததும் வாங்கி வைத்தான். கோழிக்காலை எடுத்துக் கடித்தாள். அதைக் கடிக்கும்போது நோன்பு ஞாபகத்தில் இல்லை, குரிசு இல்லை, ஓமனக்குட்டி இல்லை.

கை கழுவிவிட்டுத் துடைக்கத் துணி தேடிப் பைக்குள் கையை விட்டாள். விரலில் மெழுகுதிரி தட்டியது.

கள்ளன் பிடிபட்டதுபோல இருந்தது அவளுக்கு. ஒரு பெண்பிள்ளையின் வயிற்றுக் கவலையை மடியில் வைத்துக்கொண்டா இந்த ஆட்டம் ஆடினோம்! வாயில் கோழி வாசம் அடித்தது. வெள்ளம் எடுத்துக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள். போகவில்லை.

எந்த மலையானாலும் கடவுள் படைத்த மலைதானே என்று ஒரு யோசனை வந்தது. ஜிஜோவும் ரினியும் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு பாறைக்குப் பின்னால் போய் முட்டுக்குத்தி உட்கார்ந்தாள். தீக்குச்சி காற்றில் அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தாள், அதுவும் அணைந்தது. மூன்று நான்கு குச்சியைச் சேர்த்துக் கிழித்தபோது திரி பிடிக்கவில்லை, பக்கத்தில் கிடந்த காய்ந்த புல்லின் நுனி பிடித்தது. அவள் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அதற்குள் விசில் ஊதிக்கொண்டு வனக்காவலாள் ஓடிவந்துவிட்டான்.

"அம்மே, எந்தா ஈ செய்யுந்நெ? காட்டில் தீ இடான் பாடில்லெந்நு அறிஞ்ஞூடே?" காட்டில் தீ மூட்டக் கூடாது என்று தெரியாதா என்று அதட்டினான்.

சுற்றி ஆள் கூடியது. ஒரு பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். காவலாள் அவள் வெறுங்காலையும் கரி பட்ட கையையும் கசங்கிய சேலையையும் பார்த்தான். "இவருடெ கூடெ ஆரெங்கிலும் உண்டோ?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான், ஏதோ வழிதவறி வந்த சித்தப்பிரமைக்காரிக்குக் கூட வந்த ஆளைத் தேடுவதுபோல.

ஜிஜோ கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். ஒரு மூச்சு விடும் நேரம் பேசாமல் நின்றான். பிறகுதான், "என்றெ அம்மையாணு" என்று முன்னால் வந்தான். அந்த ஒரு மூச்சு ப்ளோரன்சுக்குக் கேட்டது. மகன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனை அப்படி நிற்க வைத்தோமே என்று கூசிப்போனாள்.

காவலாளிடம் அவன் கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, அவளைக் காருக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"என்னம்மா இது? எதுக்கு மெழுகுதிரி?"

"நீ மலைக்குப் போவோம்ணு சொன்னே."

"ஆமா."

"மலைண்ணு சொன்னா மலைதானே?"

ஜிஜோவுக்குப் புரிய கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். ரினி வாயைப் பொத்திச் சிரித்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. வில்பிரட்டோ கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான்.

"கொள்ளாம் மலைக்காரி! அப்ப கோழி தின்னது நேர்ச்சையாக்கும்?"

"சும்மா கெடயும்" என்றாள் அவள்.

இறங்கும் வழியில் ஜிஜோ வெள்ளறடைக்கு வண்டியை விடுவதாகச் சொன்னான். அவள் வேண்டாம் என்றாள். கோழி தின்ற வாயோடு குரிசடிக்கு ஏற முடியாது. வில்பிரட் சிரிப்பெல்லாம் அடங்கி, சமாதானமாகச் சொன்னான்: "எட்டி, கத்திச்சாச்சுண்ணு சொல்லிரு. ஓமன மலைக்கு வந்தா பாத்தா? அவளுக்கும் மனசுக்குச் சமாதானம்." அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் திரும்பிக்கொண்டான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், வீடு வந்து சேரும்வரை அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை. வெள்ளறடையில் ஏற்றினேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் மலைக்காரி மலைக்காரியாகவே இருக்கலாம்.

வீட்டு வாசலில் ஓமனக்குட்டி செம்பில் வெள்ளத்தோடு நின்றாள். அந்தி வெளிச்சம் இன்னும் இருந்தது. கார்க் கதவு திறந்ததும் அவள் குனிந்தாள். மலையேறி வந்த காலைக் கழுவிவிடுவது அவள் வழக்கம். ப்ளோரன்சின் காலில் செம்மண் ஒட்டியிருந்தது. பார்க்கிறவர்கள் யாரானாலும் நம்பியிருப்பார்கள்.

வெள்ளம் ஊற்றப் போனபோது ப்ளோரன்ஸ் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஊத்தாத ஓமனா."

"என்னக்கா, காலுல கல்லு குத்தியிருக்கா?"

"இல்ல. நான் மலைக்குப் போகல்ல. பொன்முடிக்கு டூர் போயிட்டு வாறேன்." பையிலிருந்து மஞ்சள் துணிக்கட்டை எடுத்தாள். "பிள்ள மலைண்ணு சொன்னத நான் மாத்தி விளங்கிட்டேன். வழியிலயே தெரிஞ்சிட்டு. நாணக்கேடுண்ணு வாயத் தெறக்கல்ல."

ஓமனக்குட்டி கட்டை வாங்கிக்கொண்டாள். ஓரத்தில் கரி பட்டிருந்ததைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப நோன்பு?"

"கோழி தின்னேன்."

ஜிஜோ சாமான் எடுக்கிற சாக்கில் காரின் பின்பக்கம் போய் நின்றான்.

"நீ மலையில நிக்கேண்ணு நெனச்சு இண்ணைக்கு முழுக்க நான் பயமில்லாம இருந்தேன் அக்கா" என்றாள் ஓமனக்குட்டி. "நீ பட்டினி கெடக்கும்போ நான் மட்டும் எப்படித் திங்கியதுண்ணு நானும் ஒண்ணும் திங்கல்ல. கஞ்சியும் பயறும் வச்சிருக்கேன், நீ வந்த பிறவு சேந்து குடிக்கலாம்ணு."

ப்ளோரன்சுக்கு நின்ற இடத்தில் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. காவலாள் திட்டியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் நேரே ஓமனக்குட்டியின் அடுக்களைக்குப் போனாள். கஞ்சியை எடுத்து வைத்தாள், பயறைக் கரண்டியால் அள்ளி விளம்பினாள்.

"குடி."

"நீ இரிக்கல்லியா?"

"இல்ல. நான் விளம்புதேன்."

ஓமனக்குட்டி பிலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டிக் கஞ்சியைக் கோரிக் குடித்தாள். பசி அவள் தொண்டையில் சத்தமாகக் கேட்டது. பாதி குடித்த பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்: "வெள்ளியாழ்ச்ச நானே மலைக்குப் போறேன். முட்டு போனா போட்டு."

"நானும் வாறேன்."

"வேண்டாம். நீ வரணுமுண்ணு இல்ல."

"வாறேண்ணு சொன்னேன்."

"நான் வேண்டாம்ணு சொன்னேன்."

"நீ சொல்லுதத சொல்லிட்டு இரி. பஸ்ஸுல ஒனக்க பக்கத்து சீட்டுலதான் நான் இருப்பேன். இடையில பசிச்சுதுண்ணு சொன்னா ஒனக்கு ஒண்ணும் தரமாட்டேன், நானும் தின்ன மாட்டேன்."

ஓமனக்குட்டி இன்னும் கொஞ்சம் பயறு என்று கிண்ணத்தை நீட்டினாள். ப்ளோரன்ஸ் விளம்பினாள். ஓமனக்குட்டியும் இந்த வேலியைத் தாண்டி எங்கேயும் போகாதவள். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அங்க மஞ்சு உண்டா அக்கா?"

"உண்டு."

"எப்படி இருக்கும்? கையில பிடிக்க ஒக்குமா?"

"பிடிக்க ஒக்காது. முகத்துல ஈரமா வந்து ஒட்டும். ஒனக்க கைய ஒனக்கே தெரியாது. அவரு பக்கத்துலதான் நிக்காரு, ஆளக் காணல்ல…" சொல்லச் சொல்லத் தன் குரலில் சந்தோஷம் ஏறுவது ப்ளோரன்சுக்கே கேட்டது. சட்டென்று நிறுத்தினாள். காது சுட்டது.

"பின்னே?" என்றாள் ஓமனக்குட்டி, மேலும் கேட்கிற ஆசையோடு.

ப்ளோரன்ஸ் கஞ்சிப்பானையைத் துழாவிக்கொண்டு நின்றாள்.