தாய்மாமன் மடி

அன்று தை மாதக் கடைசி வெள்ளி. சமயபுரத்தில் தங்கை மகனை என் மடியில் வைத்து மொட்டையடித்துவிட்டு, காரில் ஸ்ரீரங்கம் திரும்பினோம். ஓட்டுநருக்குப் பக்கத்து முன்சீட்டில் நான்; பிள்ளை அப்போதும் என் மடியில்தான்.

"அண்ணே, அவனைக் குழந்தை சீட்ல வைக்கலாம், குடுங்க," என்றாள் பின்னாலிருந்த தங்கை.

"தாய்மாமன் மடிய விடவா அந்த பிளாஸ்டிக் தொட்டி?" என்று சிரித்தேன்.

கொள்ளிடம் பாலத்தில், சட்டென்று நின்ற லாரியில் எங்கள் கார் மோதியது. என்னை பெல்ட் பிடித்துக்கொண்டது. நான் இறுக்கிப் பிடித்திருந்தும் பிள்ளை கையை விட்டுப் போனான்.

நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை. பள்ளியிலேயே படித்ததுதான். கார் கண்ணிமைக்கும் நேரத்தில் நின்றால், பத்துக் கிலோப் பிள்ளையை நிறுத்த நூறு கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். பாசத்துக்கு அந்தப் பலம் கிடையாது.

பிழைத்துக்கொண்டான், இடக்கண் போயிற்று. ஆவணியில் காதுகுத்து வைத்தார்கள். தங்கை அவனை என்னிடம் நீட்டினாள். வாங்க என் கைகள் எழவில்லை.