வலது கை மடிப்பு

விரல் நுனிகளைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்துத் துணிமேல் உதறுவாள். இஸ்திரிப் பெட்டி ‘சுர்’ரென்று சீறினால்தான் கை நகரும். சலவைக் கடையின் பின்னறையில் காலையிலிருந்து இதே வேலை. இஸ்திரி அக்கா என்றால்தான் தெருவுக்குத் தெரியும். சொந்தப் பெயரை அவளே மறந்திருப்பாள்.

துணியைப் பார்த்தே ஆளை எடைபோடுவாள். முதுகு கசங்கியிருந்தால் நாற்காலியில் தூங்கும் அதிகாரி. முழங்கால் புடைத்திருந்தால் மண்டியிட்டு வேலை செய்கிறவர். பாலியஸ்டர் மட்டும் அவளுக்கு ஆகாது. “அது கல்நெஞ்சு. தண்ணியும் குடிக்காது, சொன்ன பேச்சும் கேக்காது.” பருத்திதான் செல்லப்பிள்ளை.

கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் ஒருநாள் அதற்குக் காரணம் சொன்னாள். பருத்தி இழைக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒன்று உண்டாம். கண்ணுக்குத் தெரியாத கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது போலவாம். “தண்ணி உள்ள போனா பிடி தளர்ந்துடும்மா. காயறப்ப எப்படி இருக்கோ, அப்படியே மறுபடி பிடிச்சுக்கும்.” தன் பிழைப்புக்கு இத்தனை பெரிய பெயரா என்று அக்கா சிரித்தாள். அப்போது அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது.

போன மாதம் அவள் கணவர் போய்விட்டார். பேருந்து ஓட்டியவர். வேலை முடிந்து வந்து, முழுக்கைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்த முழங்கைகளின் மடிப்பு அந்தச் சட்டைக் கைகளில் அப்படியே நின்றது. வேலைக்குத் திரும்பிய அன்று வீட்டுத் துணிகளோடு அதையும் அள்ளிவந்துவிட்டாள். பழகிய கை யாரைக் கேட்கும்? தண்ணீர் தெளித்தது, இழுத்துத் தேய்த்தது. சட்டையின் இடது கை பளிச்சென்று நேரான பிறகுதான் அது யாருடையது என்று உறைத்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி நனைத்து, மடித்துக் காயவைத்தால் வராதா என்று மகளிடம் கேட்டாள். மகள் நேரான இடது கையைத் தடவிப் பார்த்தாள்.

“மடிப்பு வரும்மா. ஆனா அது நாம போட்டதா இருக்கும்.”

மிச்சமிருப்பது வலது கைதான். மழைக்காலம் வேறு. ஈரக்காற்று பட்டாலே கொஞ்சம் கொஞ்சமாய்த் தளர்ந்துவிடும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அக்கா சட்டையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஜன்னலுக்கு எட்டாத மேல் அலமாரியில் வைத்திருக்கிறாள். அதுவும் எத்தனை நாளைக்கு என்ற பயம் அவளை விடவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியதும் கைகளைத் துடைத்து, ஈரமில்லையே என்று கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகே உறையைப் பிரிப்பாள். வலது முழங்கை மடிப்பைப் பார்ப்பாள். கண் நிறையும். உடனே சட்டையை எட்டின மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி அழுவாள்.